கார் எண்ணெய்

மூணாவது கியரில்
வண்டி கத்துகிறது, சக்கரம் கேட்கவில்லை.
செம்மாண்டம்பாளையம் ஏற்றத்தில்
ஒரு பால்காரர் மொபெட்டில் என்னைத் தாண்டிப் போனார்,
திரும்பியும் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்துக்கு மேற்கே
உழுதுபோட்ட மேட்டாங்காட்டில் பந்தயம்.
பெண்கள் பிரிவில் நாலே பேர்.
மூணு பேராகிவிடும் போலிருக்கிறது.

சோமனூரில் ராத்திரி என்பது
தறிச்சத்தம் மட்டும் மிச்சமிருக்கும் நேரம்.
கார் நிற்காத கார் ஷெட்டில்
நூல் வந்த சாக்குகளை விரித்து
வண்டியை இடப்பக்கமாகப் படுக்க வைத்தேன்.
இப்படிச் செய்தால் எண்ணெயை வடிக்க வேண்டாம்.
யாரும் சொல்லித் தரவில்லை,
போன தடவை தரையெல்லாம் கொட்டியதில் தெரிந்தது.

எட்டாம் நம்பர் டி-ஸ்பேனர்
மாடியில் குடியிருக்கும் ஒடிசாக்காரர் சுஷாந்தாவுடையது.
தறி மெக்கானிக். கேட்டதும் கொடுத்தார்.
"அக்கா, பதினோரு மணிக்கு ஷிப்ட்" என்றார்.
அதற்குள் முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

போல்ட்டுகளைக் கழற்றக் கழற்ற
அட்டையில் குத்தி வைத்தேன்,
எது எந்த ஓட்டையோ அதே இடத்தில்.
என் கல்யாணத்துக்கு வந்த மிக்சியின் அட்டை.

மூடி வரமாட்டேன் என்றது.
தட்டியதில் கேஸ்கெட் பாதி இங்கே, பாதி அங்கே.
சுரண்டிச் சுரண்டி நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
ஸ்பிரிங் ஆறு, எல்லாம் ஒரே உயரம்.
உராயும் தட்டு ஏழு, இரும்புத் தட்டு ஆறு,
ஒன்று விட்டு ஒன்று.
வெர்னியரை வைத்தேன்.
தேயவில்லை.
மறுபடி வைத்தேன்.
தேயவே இல்லை.
பாஸ்கெட்டின் பல்லில் விரலை ஓட்டினேன், பள்ளமில்லை.
கேபிளில் இரண்டு மில்லி ஆட்டம், இருக்க வேண்டியதுதான்.

எல்லாம் சரியாக இருக்கிற ஒன்றை
எப்படிப் பழுது பார்ப்பது?

விரலில் எண்ணெய், தேன் நிறத்தில்.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
தொட்டுக்கொண்டே தொடவில்லை.
அப்போதுதான் பார்த்தேன் மூலையில் அந்த டப்பாவை.
அதன்மேல் ஒரு கார், ஒரு மலைப்பாதை, சிரிக்கிற குடும்பம்.

பூபதி வாங்கித் தந்தது.
சித்திரையில்,
சூலூர்ப் பத்திர ஆபீசிலிருந்து வருகிற வழியில்.
விடுதலைப் பத்திரத்தில் நான் போட்ட கையெழுத்து
காய்வதற்குள்
"உன்ற வண்டிக்கு நல்ல எண்ணெயா ஊத்து புள்ள,
வெலையப் பாக்காத" என்றான்.
கிணறும் நாலே முக்கால் ஏக்கரும் அவனுக்கு.
நாலு லிட்டர் எனக்கு.

காருக்குக் கிளட்ச் காய்ந்த இடத்தில் இருக்கிறது.
இதற்கு எண்ணெய்க்குள்ளேயே.
நனைந்துகொண்டே
ஒன்றையொன்று பிடித்தாக வேண்டும்.
அதற்கு இது ஆகாது, ரொம்ப வழுவழுப்பு.

ஆறு மாசமாக நாங்கள் சண்டை போடவில்லை.
"நல்லா இருக்கறயா?"
"இருக்கறனுங்ண்ணா."
"நோம்பிக்கு வந்துரு."
"வர்றனுங்ண்ணா."
ஒறம்பரைகள் மெச்சுகிறார்கள்.

வண்டியை நிமிர்த்தி
அடி போல்ட்டைத் திறந்தேன்.
பழைய சோத்துக் குண்டாவில் அது இறங்கியது
சத்தமில்லாமல், மரியாதையாக.
தட்டுகளைப் பெட்ரோலில் கழுவினேன்.
இரும்பை மட்டும் உப்புத்தாளில் நாலு தேய்.
பளபளப்புப் போய்ச் சொரசொரத்தது.
காலையில் கருமத்தம்பட்டியில் சரியான எண்ணெய் வாங்கி
மத்தியானம் வரை ஊறப்போட வேண்டும்.

மணி பத்தே முக்கால்.
கையைத் துடைக்காமலே போன் போட்டேன்.
"அண்ணா, நீ வாங்கித் தந்தது காருக்கு ஊத்தறது."
"இப்ப அதுக்கென்ன?"
"கெணத்துல எனக்குப் பங்கு வேணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை,
சின்ன வயசில் வாடகை சைக்கிளுக்கு அடித்துக்கொண்டபோது
என்மேல் எறிவானே, அதே.

பிடித்தது.

படியில் சுஷாந்தா இறங்கி வந்தார், ஸ்பேனருக்கு.
அட்டையில் ஒரு ஓட்டை காலி.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
சாக்குக்கு அடியில் துழாவினேன்.
"கேக்குதா?" என்று அவன் கத்தினான்.
"கேக்குது, சொல்லு."