அரை அடி

ஏழு இருபதுக்குக் காலிக் கோச்சி.
அது போகும்வரை சண்டைக்கு இறங்க மாட்டேன்.
வெள்ளவத்தை, ராமகிருஷ்ணா வீதி,
கடற்கரைப் பக்கம் கடைசி வீடு, மேல் மாடி.
தண்டவாளம் நடுங்கினால் மேசை நடுங்கும்,
மேசை நடுங்கினால் மவுஸ்,
மவுஸ் ஒரு நூல் விலகினால்
சிங்கப்பூர் சேர்வரில் என் தலை உருளும்.

பகலில் காலி வீதியில்
மூக்குக் கண்ணாடிக் கடையில் நிற்கிறேன்.
"இது தெளிவா, முந்தினது தெளிவா" என்று
நாள் முழுக்க ஆட்களுக்கு லென்ஸ் மாற்றுகிறேன்.
இரவில் வாள்.

ஓங்குவது பன்னிரண்டு பிரேம்.
படுவது ஒன்றே ஒன்று.
பிறகு வாள் வளைந்து, தோளைச் சுற்றி,
துணி பறக்க, மூச்சு வாங்கி
பழைய நிலைக்குத் திரும்ப இருபத்திரண்டு.
அந்த இருபத்திரண்டையும் யாரோ
வாரக்கணக்கில் குந்தியிருந்து வரைந்திருப்பார்.
மன்னிக்கவேண்டும், நான் அதைப் பார்ப்பதேயில்லை.
பட்ட கணத்தில் ஒரு எட்டு நகர்ந்தால்
உடம்பு மிச்சத்தை மறந்துவிடும்.
அடி நிற்கும், அசைவு போய்விடும்.
ஒரு பிரேம் முந்தினாலோ அடியே விழாது;
கையைத் தூக்கி இறக்கின கோமாளி நீ.

இது கைக்கு வர எட்டு மாதம்.
அறுபத்தெட்டு பிங்.
மழை என்றால் நூற்றுப்பத்து;
மழைக்கு வேறு கை வைத்திருக்கிறேன்.

கஹ பூசா என்று ஒருவன். அல்லது ஒருத்தி.
மஞ்சள் பூனை, சிங்களத்தில்.
பதினொரு தரம் மோதி ஒன்பது தரம் செத்தேன்.
முகம் தெரியாது, குரல் தெரியாது,
ஆனால் அந்த விரலை
ஆயிரம் விரலுக்குள் காட்டித் தருவேன்:
இரண்டு வெட்டு, கெதியில்.
மூன்றாவதை ஓங்கும், விட்டுவிடும்,
அரை அடி பின்னால் வைக்கும்.
நான் பயந்து கேடயம் தூக்குவேன்.
கேடயத்துக்குக் கேன்சல் இல்லை.
அது இறங்கிக்கொண்டிருக்கையில் வரும்
உண்மையான மூன்றாவது.

செத்துக்கொண்டே சிரிப்பேன்.
"உனக்கு விசரா?" என்று
ஹெட்செட்டில் கத்துவாள் ரஸ்மியா.

மாசியில் பூனையைக் காணவில்லை.
பங்குனியிலும்.
சித்திரையில் ஒரு புதன் இரவு
பெயர் பச்சையில் எரிந்தது.
கோச்சிக்குக்கூடக் காத்திராமல் இறங்கினேன்.

முதல் வெட்டு.
வாள் வளைந்து, தோளைச் சுற்றி,
துணி பறக்க,
இருபத்திரண்டு பிரேமும் முழுசாக ஓடியது.
எவ்வளவு வடிவாக வரைந்திருக்கிறார்கள்.
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாற்பது செக்கனில் வென்றுவிட்டேன்.
"ஓயா கவுத?" என்று எழுதினேன். யார் நீ?
ஐடியை வாங்கினதாம், பதினெட்டாயிரம்.
விற்ற ஆளைத் தெரியாதாம்,
வெளிநாடு போகிற அவசரமாம்.
பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டது:
இந்த லெவலில் எப்படி விளையாடுகிறது?

சனிக்கிழமை கடையில் ஒருவருக்கு
கண்ணாடியை நீட்டினேன், பாதியில் இழுத்தேன்.
அவர் கை காற்றைப் பிடித்தது.
ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.
மன்னிப்பைச் சிங்களத்தில் தொடங்கித்
தமிழில் முடித்தேன்.
அவர் மூன்று தரம் பில்லை எண்ணிப் பார்த்தார்.

ஆனி. மழை. நூற்றுப்பத்து பிங்.
முன்பின் தெரியாத ஒருவனோடு மேட்ச்.
இரண்டு வெட்டு.
மூன்றாவதை ஓங்கி, விட்டு,
அரை அடி பின்னால்.
அவன் கேடயம் தூக்கினான்.
அது இறங்கியும்
அசையாமல் நின்றான்.
திரையின் கீழே ஒரு வரி வந்தது, சிங்களத்தில்:
பூனை, நீயா? எங்கேடா போனாய் இவ்வளவு நாள்?

இல்லை என்று அடித்தேன்.
அனுப்பும் பொத்தான்மேல் விரல்.
படுவதற்கு ஒரு பிரேம் முன்னால்
எடுத்துவிட்டேன்.

மேசை நடுங்கத் தொடங்கியது.
அவனும் நின்றான், நானும் நின்றேன்.
கோச்சி போகட்டும் என்று இருந்தேன்.