சிவப்பு

பொகவந்தலாவை. தகரத்தில் மழை.
அதற்கு மட்டும் ஃபேடர் இல்லை.

லேப்டாப்புக்குள் இருபது வயலின்,
ஒன்றையும் நான் தொட்டுப் பார்த்ததில்லை.
பியானோ கேட்கவில்லையென்று அதை ஏற்றினேன்.
அது வயலினை விழுங்க, வயலினை.
பிறகு பேஸை.
மாஸ்டர் மீட்டரில் சிவப்பு.

நடுச்சுவர் கூரையைத் தொடாத லயம்.
"விடிஞ்சா பெரட்டு இருக்கு தம்பி!"
சுவருக்கு மேலால் வந்தது
தவமலர் அக்காவின் குரல்,
எந்த எக்கோவும் போடாமல்.

எல்லாவற்றையும் இறக்கினேன்,
ஸ்பீக்கர் முணுமுணுக்கும் வரை.
மழைக்கு அடியில் இப்போது
ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றது:
நான் சந்தேகமே படாத புல்லாங்குழல்.

அதில் நாலு டெசிபல் குறைத்தேன்.
பியானோ வந்துவிட்டது,
ஏற்றாமலே.

அந்தப் பக்கம் அக்கா புரண்டு படுக்க
கட்டில் பலகை கிறீச்சிட்டது.
பாட்டுக்கு நடுவே அது கேட்டது.
அந்த அளவிலேயே
சேவ் பண்ணினேன்.