ஒன்பதாம் பாகத்தில் யாரும் சாகவில்லை

ஊறுகாய் வெள்ளரி இருந்த கண்ணாடிப் புட்டி.
மூன்று முறை கழுவியும்
சதகுப்பை வாசம் போகவில்லை.
கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து
நான்தான் எழுதி ஒட்டினேன்:
“கடைசிப் பாகத்தில் சாகப்போவது யார்?
ஒரு சீட்டு பத்து ஸ்வோத்தி.”

தோரூன் நகரில் அந்த நவம்பரில்
வேறு பேச்சே இல்லை.
பதினான்கு வருடம், எட்டுப் பாகம்.
ஒவ்வொன்றிலும் நமக்குப் பிடித்த ஒருவரைக்
கூசாமல் கொன்றிருந்தாள் அந்த எழுத்தாளர்.
நூற்று நாற்பத்து மூன்று சீட்டு விழுந்தது.
அறுபத்தொன்றில் படகோட்டி ஓர்வா.
நாற்பதில் குருட்டு அரசன்.
ஒன்றே ஒன்றில், கோணல்மாணல் எழுத்தில்,
குதிரை.
என் சீட்டும் அந்த அறுபத்தொன்றில்தான்.
கடை ஜன்னலில் கட்டுவதற்குக்
கறுப்பு ரிப்பன்கூட வாங்கியிருந்தேன்,
ஆறு மீட்டர்.

நள்ளிரவில் கடை திறந்தோம்.
மறுநாள் மாலைக்குள்
எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் முடித்துவிட்டு
வாசலில் வந்து நின்றார்கள்,
சாவு வீட்டுக்கென்று கிளம்பி வந்து
கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்துவிட்டவர்கள் போல.

ஒருவரும் சாகவில்லை.
ஒரு மேசை. ஆறிக்கொண்டிருக்கும் சூப்.
லாயத்தில் குதிரை கனைக்கிறது.
யாரோ ஏதோ சொல்ல, ஓர்வா சிரிக்கிறாள்.
அவ்வளவுதான்.
சுபம்.

சட்டம் படிக்கும் டிமோன்
புத்தகத்தைக் கல்லாமேல் போட்டான்:
“பதினான்கு வருடம் கொடுத்தேன்.
ஒரு பிணம் கொடுக்க மனசு வரவில்லையா அவளுக்கு?”
பணத்தைத் திருப்பிக் கேட்டான்.
அட்டையில் காபிக் கறை. மறுத்துவிட்டேன்.

வரி அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ஸெனோன்
மஞ்சள் தாளில் கூட்டிக் கழித்து வந்தார்.
கணவாய்க்குள் போனவர்கள் ஏழு, கேடயம் மூன்று,
வெளியே வந்தவர்களும் ஏழு.
“கணக்கு உதைக்கிறது” என்றார்,
கைக்குட்டையைத் தேடிக்கொண்டே.

இரவு ஷிஃப்ட் முடிந்து
ஆஸ்பத்திரிச் செருப்போடு வந்த கிங்கா
புத்தகத்தைத் தொடவே இல்லை.
“ஒன்றே ஒன்று சொல்லுங்கள்” என்றாள்.
சொல்லக் கூடாது என்றேன்.
என் முகத்தைப் பார்த்தாள்.
இரண்டு பிரதி வாங்கிப் போனாள்.

யாக்னா மட்டும் நம்பவில்லை:
“கடைசி அத்தியாயத்தில் வாசனையே இல்லை, கவனித்தாயா?
எட்டுப் பாகமும் தார், ஈரக் கம்பளி,
மீன் செதில் என்று நாறிக் கிடந்ததே.
வாசனை இல்லையென்றால் அது கனவு.
ஓர்வா கணவாயிலேயே விழுந்துவிட்டாள்.
கடைசி மூச்சில் தெரிகிற மேசை அது.”
இதைக் கேட்ட நாளிலிருந்து
தங்கை ரொக்சானா அவளோடு பேசுவதில்லை.

எனக்கும் வயிற்றைக் கலக்கியது.
கடை சாத்திய பிறகு, நின்றபடியே,
விரல் வைத்து வரிவரியாகத் தேடினேன்.
பக்கம் எண்ணூற்று ஒன்பது:
வெங்காயம் வதங்கும் வாசம்.
இரவு பதினொரு மணி என்றும் பாராமல்
யாக்னாவுக்கு போன் போட்டேன்.
வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு, “வெங்காயமா?
அப்படியென்றால் அழத்தான் சொல்கிறாள்.”
வைத்துவிட்டாள்.

புட்டியில் ஆயிரத்து நானூற்று முப்பது.
யாரும் சாகாவிட்டால் பணம் யாருக்கு?
விதிகள் எழுதியவன் நான்.
அப்படி ஒரு விதி வேண்டியிருக்கும் என்று
எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை ரெமிக் வந்தான். வயது எட்டு.
அந்தக் கோணல்மாணல் கையெழுத்துக்காரன்.
தோற்ற முகமாகவே இல்லை.
“குதிரைமேல் ஏன்டா கட்டினாய்?”
“நான் கட்டியது எதுவுமே ஜெயிக்காது” என்றான்,
“அதனால்தான்.”
வெளியே அம்மா ட்ராமைக் காட்டிக் கத்தினாள்.
ஓடிவிட்டான்.

புட்டியைக் கவிழ்த்தேன்.
அறுபத்தொன்றையும் பிரித்துப் பரப்பினேன்.
ஒவ்வொன்றிலும் சதகுப்பை வாசம்.
என்னுடையது கிடைக்க நேரமாயிற்று.
ஓர்வா என்று எழுதி,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி
இரண்டு அடிக்கோடு போட்டிருந்தேன்.