சிவப்பு

அபெரிஸ்ட்வித், மார்ச். கடல் ஜன்னல்வரை வந்து
உப்பைத் துப்பிவிட்டுப் போகிறது.
எலெரியின் திரையில் நாற்பத்திரண்டு பெயர்கள்;
ஒன்று மட்டும் சிவப்பு.

கெத்தின். நூலக அட்டை பதினொரு நாளாய்ச் சும்மா.
வகுப்பில் இல்லை. பாடத்தளத்தில் நுழைவது
விடியற்காலை மூன்று நாற்பதுக்கு,
அதுவும் ஆறே நிமிடம்.
இடைநிற்கும் வாய்ப்பு: எண்பத்தொரு விழுக்காடு.

“எங்கள் கணிப்பின்படி” என்று மின்னஞ்சலைத் தொடங்கினாள். அழித்தாள்.
“உன் வருகைப்பதிவு…”
அதையும்.
போனை எடுத்தாள்.

அந்தப் பக்கம் ஆட்டுச் சத்தம்.
“ஆடுகள் ஈனுகிற மாதம். அப்பாவுக்குத் தோள்பட்டை முறிந்துவிட்டது.
ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே
புள்ளியியல் படிக்கிறேன்.
கையெல்லாம் பிசுபிசுப்பு,
என் விரலைத் திரைக்கே அடையாளம் தெரியவில்லை.”
சிரித்தான்.
பிறகு வெகுநேரம் ஆடுகள் மட்டும் பேசின.

தேர்வை ஆகஸ்டுக்குத் தள்ள
ஒரு படிவம், இரண்டு கையெழுத்து.
அவ்வளவுதானா என்றான். அவ்வளவுதான்.

கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தவள்
திரையை அணைக்கப் போய் நின்றாள்.
மீதி நாற்பத்தொன்றும் பச்சை.
மெரெரித்: ஒரு வகுப்புகூடத் தவறவில்லை.
ஞாயிறு நள்ளிரவிலும் நூலகம்.
கிறிஸ்துமஸ் அன்று பாடத்தளத்தில்
ஒன்பது மணி நேரம்.

கோட்டோடு உட்கார்ந்து
எண்ணை அழுத்துகிறாள்.
மணி போகிறது.