தொப்பியை எடு, ஏமஸ்

என் அம்மாவை உங்களுக்குத் தெரியும்.
வெர்லீன் ஹாட்ச்கிஸ். இடக்கைக்காரி.
வலக்கைக் கிதாரைத் தலைகீழாகப் பிடிப்பாள்,
தடித்த தந்தி தரையைப் பார்த்திருக்கும்.
அதிலிருந்து எழும் முனகலை
மூன்று பேராசிரியர்கள் விளக்கப் பார்த்திருக்கிறார்கள்.
உனக்கு இரண்டுமே வலக்கைதான் என்பாள் என்னை,
கோபம் வந்தால்.

அவள் போனபின் கிதார் என்னிடம் வந்தது.
தந்திகளை மாற்றிக் கட்டினேன்.
மரம் மாறவில்லை.
அவள் முன்கை உராய்ந்து வெளுத்த இடம்
இப்போது என் தொடைமேல் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பாட்டும் உங்களுக்குத் தெரியும்.
சோம்பேறி ஏமஸ், சொன்ன சொல் தவறிய ஏமஸ்,
வாடகைப் பணத்தைச் சீட்டில் விட்ட ஏமஸ்,
தொப்பியை எடு, ஏமஸ்,
கதவு திறந்தே இருக்கிறது.
இந்த வரிக்குக் கூட்டம்
மேடைமேல் தொப்பிகளை வீசும்.
டுலூத்தில் ஒரு தீயணைப்புக்காரர்
தன் தலைக்கவசத்தையே வீசினார்.
டிரம்ஸ் வாசிக்கும் ஆர்விலுக்கு நெற்றியில் மூன்று தையல்.

ஏமஸ் என் அப்பா.
தொப்பி வைத்ததே இல்லை.

கேரி நகரத்தில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்த்தவர்.
அம்மா மெம்ஃபிஸிலும் டெட்ராய்ட்டிலும்
ஒரு வருடம் முழுக்க ஐரோப்பாவிலும் பாடியபோது
என் காய்ச்சலுக்குக் கண்விழித்தவர்.
ஒருநாள் நூல் தீர்ந்துபோக
என் பள்ளிச் சட்டைப் பொத்தானைச்
செம்புக் கம்பியால் தைத்தவர்.
கடையில் சில்லறை தரும்போது
'வாடகைக்கா, ஏமஸ்?' என்று சிரிப்பார்கள்.
அவரும் சிரிப்பார்.
எண்ணிப் பார்த்துத்தான் பையில் போடுவார்.

ஒரு முறை கேட்டேன்.
'ரெண்டு அசையில் பேர் வேண்டியிருந்தது அவளுக்கு,
வீட்டில் நான்தான் இருந்தேன்' என்றார்.
அந்தச் சீட்டாட்டம்?
'எனக்கு ஆடத் தெரியாது.
உன் அம்மா நன்றாக ஆடுவாள்.'

எங்கள் கூரை அந்தப் பாட்டு.
கொதிகலன் அந்தப் பாட்டு.
என் பல்லை நேராக்கிய கம்பியும்.

பாடாமல் விட்டுப் பார்த்தேன், செயின்ட் லூயிஸில்.
டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்கள்.
பெயரை ஜேம்ஸ் என்று மாற்றினேன்.
நீலக் கோட்டுப் பெண்ணொருத்தி மேடையோரம் வந்து
அவனை என்ன செய்தாய் என்று அழுதாள்.
ஆகவே வாரம் நான்கு இரவு,
சனிக்கிழமை இரண்டு முறை,
என்னை வளர்த்தவனை வாசலுக்கு அனுப்புகிறேன்
அவள் குரலின் மிச்சத்தில்.

போன ஜனவரி, பிராட்வேயில்,
வங்கியாக இருந்த ஒரு கட்டடத்தில்
அப்பா வந்து உட்கார்ந்தார், மூன்றாம் வரிசை.
எண்பத்தொரு வயது. தலையில் கம்பளித் தொப்பி,
மருத்துவமனையில் யாரோ பின்னிக் கொடுத்தது.
முடியெல்லாம் ஊசிமருந்து கொண்டுபோயிருந்தது.

அந்த வரி வந்தது.
நாக்கு தடுக்கவில்லை; நாற்பது வருடப் பழக்கம்.
தொப்பிகள் பறந்தன.
ஒன்று தப்பி அவர் மடியில் விழுந்தது.
எடுத்துப் பார்த்தார். திருப்பி,
உள்ளே எழுதியிருந்த பெயரைப் படித்தார்.
பின்வரிசையில் உரியவரிடம் கொடுத்தார்.
தன்னுடையதைத் தொடவில்லை.
எழவும் இல்லை.

திரும்பும்போது பனி.
'அந்த வரியில் அவசரப்படுகிறாய்' என்றார்.
'கதவு திறந்தே இருக்கிறது என்றதும்
அவள் ஒரு மூச்சு நிறுத்துவாள்.'
எதற்கு?
'யாருக்குத் தெரியும்.
எழுந்து போகிறேனா என்று பார்த்தாளோ என்னவோ.'

காரின் ஹீட்டர் உறுமத் தொடங்கியது.
விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.
உறுமல் நின்றது.
சூடு மட்டும் வந்துகொண்டிருந்தது.