நைட் ஹால்ட்

நாகலூர் நைட் ஹால்ட் பஸ்ஸில்
டவர் கிடைப்பது ஒரே இடத்தில்.
கடைசி சீட், இடப்பக்க ஜன்னல்,
கம்பியில் நெற்றி முட்ட உட்கார வேண்டும்.
உட்கார்ந்தேன், பதினான்கு மாதம்.

டிரைவர் சூசைமாணிக்கம்
பானட் மேல் துண்டு விரித்துத் தூங்குவார்.
கண்ணாடிக்கு வெளியே பனி.
உள்ளங்கையில் பதின்மூன்று சீட்டு விசிறியாய் விரியும்.
அதற்கு முன் ஒரு பெண்குரல் மூச்சு விடாமல் ஒப்பிக்கும்
நிதி அபாயம் உண்டு பழக்கமாகலாம் பொறுப்புடன் விளையாடவும்.
'படியில் நிற்காதீங்க' என்று நான் சொல்வதும்
இதே வேகத்தில்தான்.
அதைக் கேட்டு எவரும் உள்ளே ஏறியதில்லை.

பகலில் நான் கணக்கில் புலி.
செம்மடுவில் ஏறிய மிளகு மூட்டைக்காரர்
தரவேண்டிய இரண்டு ரூபாயை
ஒண்டிக்கடையில் மறக்காமல் கேட்பேன்.
டிக்கெட் பின்னால் எழுதிக்கொடுத்த எட்டு ரூபாய் பாக்கியை
அடிவாரத்தில் ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பேன்.

இரவில் ஐம்பது ஐநூறானது.
கோகிலவாணியின் கம்மல், பாப்பா பீஸ், சொசைட்டி லோன்
எல்லாம் 'விட்டதைப் பிடிக்க' என்ற ஊருக்கு
டிக்கெட் எடுத்துப் போயின.
நாளைக்கு இருநூறுதான் என்று
நானே வரம்பும் வைத்துப் பார்த்தேன்.
பன்னிரண்டு மணிக்கு நாள் மாறிவிடுவது
ரொம்ப வசதியாக இருந்தது.

ஆவணி மழையில் ஒரு ராத்திரி
கலெக்‌ஷன் பையிலிருந்து நாலாயிரத்தை
டீக்கடை வெள்ளையனிடம் நீட்டி, ஜிபே வாங்கினேன்.
ஐந்தரை டிரிப் கிளம்பும்போது
நாலாயிரம் இல்லை.

இருபதாம் வளைவில், டெப்போவில் என்ன சொல்வது.
பதினேழில், மெஷின் கோளாறு.
பதினொன்றில், பையை எவனோ அறுத்துவிட்டான்.
ஒன்பதில்
தடுப்புச் சுவர் தாழ்வாக இருப்பதைப் பார்த்தேன்.
நிறைய நேரம் பார்த்தேன்.
ஏழில் விசில் ஊதினேன்.

பஸ் நின்றது. யாரும் எழவில்லை.
"யாருப்பா எறங்கணும்?"
"நான்தாண்ணே."

வைப்பர் ஓடிக்கொண்டிருக்க, பானட்டில் சாய்ந்து சொன்னேன்.
பின்னால் ஒருவர் டைம் ஆச்சு என்று கத்தினார்.
சூசைமாணிக்கம் ஒரு புத்தியும் சொல்லவில்லை.
சட்டைப்பையிலிருந்து எண்ணூற்றி எழுபது எடுத்தார்,
மீதியோடு மச்சானை கோரிமேட்டுக்கு வரச்சொன்னார்.
"நாளைக்குப் பெரியாஸ்பத்திரி போறோம்.
எனக்கும் ஒரு பல்லு பிடுங்கணும்."

ஓ.பி. சீட்டு கொடுத்தார்கள்.
நான் தொட்ட சீட்டுகளில்
காசு கேட்காதது அது ஒன்றுதான்.

"கடைசியா எப்ப ஜெயிச்சீங்க?" என்றார் ஆலோசகர்.
மார்ச் ஒன்பது, ராத்திரி ஒன்று நாற்பது, ஆறாயிரத்து இருநூறு.
"மொத்தம் எவ்வளவு விட்டீங்க?"
மின்விசிறி சுற்றியது.
இரண்டு ரூபாய்க்கு ஒண்டிக்கடைவரை துரத்தியவனுக்கு
தெரியவில்லை.
பேனாவும் ஒரு தாளும் நகர்த்தினார்.
அரை மணி நேரம் எழுதினேன், தாள் திரும்பியது.
அவர் 'ச்சீ' என்று சொல்லவில்லை.
தண்ணீர் பாட்டிலை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

இப்போது பேங்க் மெசேஜ் கோகிலவாணி போனுக்குப் போகிறது.
என்னிடம் பட்டன் போன்.
டீக்கு அறுபது தருகிறாள்,
மீதியை டிவி பக்கத்தில் வைக்கிறேன்,
எண்ணாத மாதிரி எண்ணுகிறாள்.
நடுவில் ஒரு தடவை வழுக்கினேன், வெள்ளையன் போனில்.
அதையும் வியாழக்கிழமை போய்ச் சொன்னேன்.
"சரி, அடுத்த வியாழன் வாங்க" என்றார்கள்.

இன்றும் நாகலூர் ஹால்ட்தான்.
முன் சீட்டில் படுத்திருக்கிறேன்,
சூசைமாணிக்கத்தின் குறட்டைக்குப் பக்கத்தில்.
போர்வைக்குள் கட்டைவிரல் மட்டும்
இல்லாத சீட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறது.
அடுக்கட்டும்.
ஐந்தரைக்கு மெஷினில்
முதல் டிக்கெட் அதுதான் அழுத்தியாக வேண்டும்.