கப்பிக்காரன்

மார்ச் மாதம், மாலை நாலு மணி.
தெற்கிலிருந்து காற்று எழுந்து
சனாம் லுவாங் திடலைத் தடவிப் பார்க்கிறது,
கடையில் துணியை விரலிடையில் தேய்த்துப்
பேரத்துக்குத் தயாராகிறவள் மாதிரி.

எங்கள் சுலாவுக்கு ஐந்து முனை.
என்னைவிட ஒரு சாண் உயரம்.
மூங்கில் விலா. அரிசிப் பசை மணக்கும் தாள்.
நூலில் கண்ணாடித் தூள் கிடையாது,
அறுப்பதல்ல ஆட்டம்.
கயிற்றுக்கு அந்தப் பக்கம் பறக்கிற
பக்பாவோவை, அந்தப் பொடிசை,
வாலோடு கவ்வி
எங்கள் எல்லைக்குள் இறக்க வேண்டும்.
அவளிடமும் ஒரு சுருக்கு உண்டு.

நூல் பிடிக்கும் சங்குவான் வானத்தைப் பார்க்கிறார்.
விசில் ஊதுகிறவன் வானத்தைப் பார்க்கிறான்.
பாய் விரித்து, உப்பும் மிளகாயும் தொட்டு
மாங்காய் தின்கிறவர்கள்,
தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிய போலீஸ்காரர்,
கோயில் கூரையின் பொன் நாகங்கள்கூட
கழுத்தை நிமிர்த்தித்தான் இருக்கின்றன.

நான் கப்பிக்காரன்.
விசில் கேட்டதும் நூலைக் கப்பியில் மாட்டி
பட்டத்துக்கு முதுகு காட்டி ஓடுகிறவன்.
பத்தொன்பது பருவம் ஓடியாயிற்று.
பார்த்ததெல்லாம் புல்.
என் கால் கட்டைவிரல்.
ஒருமுறை, யாரோ தொலைத்த பல்செட்.

மேலே நடப்பது எனக்குத் தோளில் தெரியும்.
நூல் முனகினால் சுலா தனியே நிற்கிறது.
கூசினால், பக்கத்தில் ஒன்று வந்து சீண்டுகிறது.
ஒரே நூலில் இரண்டு நெஞ்சு அடித்துக்கொண்டால்
பிடித்துவிட்டோம்,
ஓடு.

அயுத்தயா நாளில்
அரண்மனைக்கு மேலே பட்டம் போகக் கூடாதென்று
சட்டம் இருந்ததாம்.
அதே அரண்மனைக்காரர்கள்தான்
ஒரு கலகத்தை அடக்க
வெடிமருந்துப் பானையைப் பட்டத்தில் கட்டி
கோராட் மதிலுக்கு மேல் ஏற்றினார்களாம்.
கதை சொல்கிற எல்லாரும் தீயைச் சொல்கிறார்கள்.
நூல் பிடித்தவனை யாரும் சொல்வதில்லை.
பானை எழும்பும்போது
அவன் உள்ளங்கை என்ன சொன்னது,
ஊர் எரிகையில் அண்ணாந்து பார்த்தானா,
அல்லது அவனும்
புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானா.

இன்று மூன்றாவது ஓட்டம்.
பதினோராவது அடியில்
தோள் காலியானது.

அப்போது இன்னும் வேகமாக ஓட வேண்டும்.
நூல் இறுகும், சுலா நிமிரும்.
முதல் பருவத்திலேயே படித்த பாடம்.
நான் நின்றேன்.
திரும்பினேன்.

அம்மாடி, எவ்வளவு பெரிசு வானம்.
நடுவே எங்கள் சுலா
சுருக்கில் கொம்பு சிக்கிய எருமையாகத்
தலையை ஆட்டி ஆட்டி இறங்கியது.
அதன் கழுத்தருகே
உள்ளங்கையளவு தெரிந்த பக்பாவோ,
வால் மட்டும் நீளம், நீளம்,
வெயிலில் ஒரு கையெழுத்தைப் போட்டுப் போட்டு
அழித்துக்கொண்டே வந்தது.
இரண்டும் சண்டை போடுவதாகவே தெரியவில்லை.
நான் கப்பியைப் பிடித்திருப்பதே மறந்துபோனது.

விழுந்தது அவர்கள் பக்கம்.
அங்கே மத்தளம் கொட்டினார்கள்.

"ஏன்டா நின்றாய்?"
சங்குவானின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.
"கால் இடறிவிட்டது" என்றேன்.

சுலாவை வாங்கிவரக் கயிற்றைத் தாண்டிப் போனேன்.
வன்பென் குந்தி உட்கார்ந்து
சுருக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்,
மீனின் வாயிலிருந்து முள்ளெடுக்கும் கவனத்தோடு.
நொந்தபுரிப் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற விரல்கள்,
மூன்றில் பிளாஸ்திரி.
நிமிராமலே சொன்னாள்:
"நீ திரும்பினதைப் பார்த்தேன்."
நான் பேசவில்லை.
"நாளைக்கும் திரும்புவாயா?
முன்கூட்டியே சொன்னால்
எனக்குக் கை வலி மிச்சம்."

சிரித்தாளா என்று தெரியாது.
அதற்குள் சுலாவைத் தலைக்குமேல் தூக்கிவிட்டேன்.
கிழிந்த தாளின் ஓட்டை வழியே
விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக எரிந்தன.

பசை காய்ச்ச வேண்டும்.
கப்பி கீச்சிடுகிறது, எண்ணெய் விட வேண்டும்.
நாளைக்கு ஐந்து ஓட்டம்.